கேட்பார் உண்டோ?

சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாற்காலியில் சாய்ந்தபடி, அன்று எழுத வேண்டிய அத்தியாயத்தை எழுதாமல் இருப்பதற்கு என்ன காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரமத்தை எனக்கு வைக்காமல் அக்காவின் பேரன் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தான்.

"மாமா தாத்தா! என் பாட்டு அமெரிக்க ரேடியோவில் வருகிறது!"

பையனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பகலில் ஒரு கணக்குக் கம்பெனியில் உத்தியோகம். இரவில் எங்கள் வீட்டு மாடி அறையில் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டுகிறான். சினிமாவுக்கு அல்ல, எந்தக் கம்பெனிக்கும் அல்ல. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடிப் பதிவும் செய்துகொள்கிறான். பதிவு நடக்கும் நாட்களில் ஜன்னலுக்குப் பழைய ஜமக்காளம் ஏறும். மெத்தை சுவரில் சாய்ந்து நிற்கும். என் மனைவி குக்கர் வைக்கக்கூடாது. ஒரு தடவை குக்கரின் மூன்றாவது விசில் அவன் பாட்டில் விழுந்துவிட்டது. கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் கடைசி மின்சார ரயிலைப் பற்றிய பாட்டு அது. நல்ல வேளை, ரயில் ஊதுகிறது என்று சொல்லி அதை அப்படியே வைத்துக்கொண்டுவிட்டான்.

அந்த ரயில் பாட்டுத்தான் அமெரிக்கா போயிருந்தது.

"எத்தனை மணிக்கு வருகிறது?" என்று கேட்டேன்.

"மணியெல்லாம் கிடையாது, தாத்தா. இது இன்டர்நெட் ரேடியோ. எப்பொழுது வேண்டுமானாலும் வரும்."

அக்கா அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள். கண்புரை ஆபரேஷனுக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து, டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு கூடத்துச் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள். 'ரேடியோ' என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த உட்காருகைக்கு ஒரு சரித்திரம் உண்டு; அதற்குப் பிறகு வருகிறேன்.

இரவு ஒன்பது மணிக்குக் கைபேசியை ஸ்டூலின்மேல் வைத்து, அதைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தோம். பாட்டு மேல் பாட்டாக வந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரர் மனைவி விட்டுப்போனதைப் பாடினார். இன்னொருவர் மனைவி திரும்பி வந்ததைப் பாடினார். அது அதைவிடச் சோகமாக இருந்தது. பத்தரை மணிக்கு என் மனைவி தூங்கிவிட்டாள். பன்னிரண்டு மணி வரையில் ஏறக்குறைய நாற்பது பாட்டுக் கேட்டிருப்போம். கடைசி ரயில் வரவே இல்லை.

"என்னடா இது? அமெரிக்காவுக்கே வருகிறது, நமக்கு வரவில்லையே?" என்றேன்.

அவன் விளக்கினான். பழைய ரேடியோவில் ஒரு நிலையம் ஒரு பாட்டு வைத்தால் ஊர் முழுவதும் அதே பாட்டைத்தான் கேட்கும். இந்த ரேடியோ அப்படியல்ல. கேட்பவர் எந்தப் பாடகரைப் பிடிக்கும் என்று சொல்கிறாரோ, அதை வைத்து அவருக்கென்று தனி வரிசையாகப் பாட்டுகள் வரும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு ரேடியோ. அவனுடைய பாட்டு எந்த ஊரில் எந்த ஆளின் வரிசையில் எப்போது நுழைகிறது என்பது அவனுக்கே தெரியாது.

"பின்னே, வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வாய்?" என்று அக்கா கேட்டாள்.

"கணக்கு அனுப்புவார்கள், பாட்டி."

"கணக்கு இருக்கட்டும். பணம் எவ்வளவு தருகிறார்கள்?"

பையன் பதில் சொல்லவில்லை. மின்விசிறியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான்.

"அவர்கள் தரமாட்டார்கள், பாட்டி. நாம்தான் கட்டவேண்டும்."

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன், நல்ல மைக் ஒன்று வாங்க வேண்டும் என்று அவன் என்னிடம் 10,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தான். மாடியில் இருந்ததோ அதே பழைய மைக்.

இப்போது அக்காவின் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1939-ல் ஆரம்பித்த திருச்சி வானொலி நிலையம் எங்கள் பக்கத்துக்கெல்லாம் ஒரு கோயில் மாதிரி. 1952-ல் பி. வி. கேஸ்கர் என்பவர் டில்லியில் செய்தி ஒலிபரப்பு மந்திரியாக வந்தார். சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து விரட்டிப் பல பேருடைய சாபத்தைச் சம்பாதித்துக்கொண்டவர் அவர்தான். வானொலியில் பாடுகிற வித்வான்களுக்குப் பரீட்சை வைத்து, பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிக்கும் வழக்கமும் அவர் காலத்தில்தான் வந்தது. பெரிய வித்வான்கள் பலருக்கு அது அவமானமாகப் பட்டது. ஆனால் பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாத ஒரு வாத்தியார் வீட்டுப் பெண்ணுக்கு, அதைவிட்டால் வேறு வாசல் கிடையாது.

அக்கா 1965-ல் பரீட்சைக்குப் போனாள். "ஓர் அறையில் நானும் தம்பூராவும். வேறோர் அறையில் அவர்கள். என் முகத்தை அவர்கள் பார்க்கவில்லை. அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பெயர்கூடக் கிடையாது, ஒரு நம்பர்தான்" என்று இன்றைக்கும் சொல்வாள். முதல் தடவை தேறவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் நாலு மணிக்கு எழுந்து ஸரளி வரிசையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அடுத்த பரீட்சையில் 'பி' கிடைத்தது.

சில வாரங்களில் தபாலில் காண்டிராக்ட் வந்தது. இன்ன தேதி, இத்தனை மணிக்கு, இத்தனை நிமிஷம், அதற்கு இவ்வளவு ரூபாய் என்று அச்சடித்த காகிதம். அப்பா அதை ஸ்வாமி படத்தின் அடியில் வைத்தார். பாடிய அன்று, எதிர் வீட்டு ரேடியோ வால்வு சூடாகிக் குரல் எழும்பும் வரையில் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்காவின் குரல் அந்தப் பெட்டியிலிருந்து வந்தபோது, அம்மா பெட்டியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். பிறகு செக் வந்தது. பெரிய தொகை அல்ல. ஆனால் அந்தச் செக்கில் சர்க்கார் ஒரு செய்தி எழுதியிருந்தது: 'நீ பாடினாய், அதற்கு விலை உண்டு.'

அந்த வீட்டில் பிறந்தவளிடம் போய், 'பாடுவதற்கு நாம்தான் பணம் கட்டவேண்டும்' என்றால் எப்படி இருக்கும்? அக்கா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படுத்துவிட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் கோபித்துக்கொண்டேன்.

மறுநாள் கோபம் தணிந்தபின், விவரம் தெரிந்துகொள்ள உட்கார்ந்தேன். நாவல் எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி. ஏமாற்றம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதில், ஏமாந்தவனை மறந்துவிடுவான்.

இணையத்தில் வானொலி நடத்தலாம் என்று உலகம் கண்டுகொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1994 நவம்பரிலேயே வட கரோலினாவில் சாப்பல் ஹில் என்னும் ஊரின் மாணவர் வானொலி தன் ஒலிபரப்பை இணையத்தில் விட்டது. அதன் பிறகு கோபுரம் வேண்டாம், அலைவரிசை வேண்டாம், ஓர் அறையும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் நிலையம் ஆரம்பிக்கலாம் என்று ஆயிற்று. அதே சமயத்தில் பாட்டைப் பதிவு செய்வதும் மலிந்துவிட்டது. மெத்தையும் ஜமக்காளமும் இருக்கிற வீடெல்லாம் ஸ்டுடியோ. பாடுகிறவர்கள் பெருகினார்கள், ஆனால் ஒரு மனிதனுக்கு இருக்கிற காது இரண்டிலிருந்து மூன்றாகவில்லை. எது அருமையாகிறதோ அதற்கு விலை ஏறும். முன்பு பாட்டு அருமை. இப்போது காது அருமை.

இதை வியாபாரமாகச் செய்தவர்கள் உண்டு. ஜாங்கோ என்ற அமெரிக்க இணைய வானொலி 2009-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கம்பெனிகளைச் சேராத பாடகர்கள் 30 டாலர் கட்டினால், அவர்களுடைய பாட்டு 1,000 தடவை ஒலிபரப்பாகும். யாருடைய பாட்டுக்குப் பக்கத்தில் வரவேண்டும் என்பதைப் பாடகரே சொல்லலாம். பணம் கட்டுகிற விவரத்தை அந்தக் கம்பெனி பாடகர்களிடம் மறைக்கவில்லை, பகிரங்கமாகவே அறிவித்தது. அதைப் போலப் பிறகு எத்தனையோ. எங்கள் பையன் பணம் கட்டியது வேறு ஓர் இடம். அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கேயும் ஏற்பாடு ஏறக்குறைய இதுதான். 3,000 தடவைக்குப் பணம் கட்டியிருந்தான். பக்கத்தில் யார் வேண்டும் என்ற கேள்விக்கு ரஹ்மான் என்று எழுதியிருந்தான்.

"பந்தியில் உட்காரும்போதே தலைவாழை இலைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டாயே!" என்றேன்.

"இலை போட்டவன் பணம் வாங்கிக்கொண்டுதானே போட்டான், தாத்தா?" என்றான். ஹாஸ்யம் எங்கள் குடும்பத்து வியாதி, துக்கத்திலும் விடாது.

இதில் எனக்கு மிகவும் வேடிக்கையாகப் பட்டது அமெரிக்கச் சட்டம். கோபுரம் வைத்து ஒலிபரப்பும் அந்த ஊர்ப் பழைய வானொலிகள், பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பணம் தரவேண்டும். ஆனால் பாடியவருக்கு ஒரு காசும் தரவேண்டியதில்லை. இணைய வானொலி விஷயத்தில்தான் சட்டத்துக்கு இரக்கம் வந்தது. 1998-ல் இயற்றிய சட்டத்தின் பயனாக, இணைய வானொலி பாட்டை ஒலிபரப்பினால் அதற்குப் பணம் கட்டவேண்டும். ஸவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு அதை வசூலித்து, நூற்றுக்கு 50 பங்கைப் பதிவுக்கு உரிமையுள்ளவருக்கும், 45 பங்கைப் பிரதானமாகப் பாடியவருக்கும், 5 பங்கைப் பக்கத்தில் வாசித்தவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. எங்கள் பையன் பதிவின் சொந்தக்காரனும் அவனே, பாடியவனும் அவனே. முறையாகப் பார்த்தால் நூற்றுக்கு 95 அவனைச் சேரவேண்டும். ஆனால் அவன் அந்த நிலையத்தாரின் ஒப்பந்தத்தில், 'எனக்கு இதற்காக ஒன்றும் வேண்டாம்' என்ற வாசகத்துக்கு எதிரே டிக் அடித்திருந்தான். உலகத்தில் எந்த வானொலி பாடகனுக்குப் பணம் தரவேண்டும் என்று சட்டம் தேடிப் பிடித்துச் சொன்னதோ, அந்த இடத்தில்தான் பாடகன் பணம் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

காசு வாங்கிக்கொண்டு பாட்டு வைப்பது புதிய பாவம் அல்ல. 1950-களில் அமெரிக்காவில் இசைத்தட்டுக் கம்பெனிகள் வானொலி அறிவிப்பாளர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தன. அதற்கு 'பேயோலா' என்று பெயர். பணம் கொடுப்பதைக் குறிக்கும் 'பே' என்ற சொல்லோடு விக்ட்ரோலா என்ற கிராமபோன் பெட்டியின் வாலை ஒட்டவைத்த பெயர். தமிழ்க் காதுக்கு அதில் பேயும் சேர்ந்து கேட்கிறது, தவறில்லை. ஆலன் ஃப்ரீட் என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளர் 1959 நவம்பரில் வேலை இழந்தார். 1962-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் கட்டினார். 1965-ல், 43 வயதில், நொடித்துப்போய் இறந்தார். கொடுத்த கைகளில் அநேகம் சுகமாகவே இருந்தன.

1960-ல் வந்த சட்டத் திருத்தத்தைப் படித்தபோது ஒரு வார்த்தை என்னைப் பிடித்து நிறுத்தியது. பணம் வாங்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. கேட்பவரிடம் சொல்லாமல் வாங்கக்கூடாது என்றுதான் சொன்னது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஒரு வருஷம் வரை சிறை. அப்படியும் வழக்கம் ஒழியவில்லை. 2005-ல் ஸோனி பி.எம்.ஜி. கம்பெனி இதே மாதிரி விவகாரத்தை நியூயார்க் மாகாணத்தோடு 1 கோடி டாலருக்குச் சமரசம் செய்து தீர்த்துக்கொண்டது. அந்தச் சட்டம் கோபுர வானொலிக்குத்தான். இணையத்தை அது எட்டவில்லை. இணையத்தில் பணத்தைக் கையில் வாங்காமலே காரியம் நடத்தும் வழியும் வந்துவிட்டது. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2020-ல் அறிவித்த ஒரு திட்டத்தில், பாடகர் முன்பணம் கட்டவேண்டாம். தனக்கு வரவேண்டிய பங்கில் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால், கேட்பவர்களின் வரிசையில் அவர் பாட்டு அடிக்கடி தலைகாட்டும். நம் ஊர் மளிகைக் கடையில், கமிஷன் அதிகம் தருகிற கம்பெனியின் சோப்பு கண்ணுக்கு நேரே இருக்கிற அலமாரியில் உட்காருவதுபோல.

இதையெல்லாம் படித்து மனப்பாடம் செய்துகொண்டு, ஒரு சாயங்காலம் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். கலைஞன், கௌரவம், உழைப்புக்கு ஊதியம் என்று மூன்று பகுதியாகப் பிரித்துப் பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"தாத்தா, உங்கள் முதல் நாவலை யார் அச்சுப் போட்டார்கள்?"

வாசகர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. இதுவரையில் எங்கும் எழுதியதும் இல்லை. என் முதல் நாவலை எந்தப் பிரசுரத்தாரும் ஏற்கவில்லை. மாமனார் போட்ட மோதிரத்தை விற்று, 500 பிரதி நானே அச்சடித்துக்கொண்டேன். விற்றதை விரல்விட்டு எண்ணலாம். மீதிக் கட்டுகளைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கினேன். பல வருஷங்களுக்கு அந்தக் கட்டில் ஆடியதே இல்லை. ஆனால் ஒரு நாள், விருத்தாசலத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் கார்டு எழுதினார். இரவு வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் படித்தாராம். கதாநாயகியின் அப்பா தம்முடைய அப்பாவைப் போலவே இருக்கிறாராம். அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு கார்டை வைத்துக்கொண்டுதான் நான் இரண்டாவது நாவல் எழுதினேன்.

"நீங்கள் மோதிரத்தை விற்று ஒரு ஸ்டேஷன் மாஸ்டரை வாங்கினீர்கள். நானும் அதைத்தான் செய்கிறேன்" என்றான் பையன்.

எனக்குப் பதில் வரவில்லை. இரவு முழுவதும் அதே யோசனையாக இருந்தது. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தெரியாத பாட்டை யார் தேடிக் கேட்பார்கள்? கேட்காத பாட்டு எப்படித் தெரியவரும்? இந்த முட்டைக்கும் கோழிக்கும் நடுவில் அகப்பட்டவன் கையில் இருப்பதைக் கொடுத்துத்தான் பார்ப்பான். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? மார்கழி ஸீஸனில் பகல் கச்சேரிக்கு வரும் இளம் பாடகர்களிடம் சில சபைகள் நன்கொடை கேட்பதும், விளம்பரம் பிடித்து வரச் சொல்வதும் பல வருஷங்களாகப் பத்திரிகைகளில் அடிபட்டுவரும் செய்தி. பாடுகிறவர் பணம் கொடுத்து, கேட்கிறவர் இலவசமாக வந்து, அப்படியும் நாற்காலிகள் காலியாக இருக்கிற மத்தியான்னங்களை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் மோதிரத்துக்கும் மைக்குக்கும் வித்தியாசமே இல்லையா?

விடியற்காலையில்தான் எனக்கு அது புலப்பட்டது. அச்சாபீஸ்காரர் என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு 500 புத்தகம் கொடுத்தார். 500 வாசகர் தருகிறேன் என்று சொல்லவில்லை. காகிதமும் மையும் விற்றார். நான் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டேன். இந்த வானொலி விற்பது காது. அதை எண்ணிப் பார்க்க முடியுமா? பாட்டு ஆரம்பித்தால் அது ஒரு தடவை என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. கேட்க வேண்டியவர் அந்தச் சமயம் குளியலறையில் இருந்தாரா, குழந்தையை அடித்துக்கொண்டிருந்தாரா, ஆளே இல்லாத அறையில் பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருந்ததா என்பது அதற்குத் தெரியாது. பாட்டு ஒலித்தது என்பது ஒன்று. கேட்கப்பட்டது என்பது வேறு. பணம் முன்னதைத்தான் வாங்கும்.

அதைவிடப் பெரியது இன்னொன்று. பிரசுரத்தார் என்பவர் வாசகர் கொடுக்கும் காசில் பிழைக்கிறார். ஆகவே வாசகருக்கு அவர் பயப்படவேண்டும். மோசமான புத்தகத்தைத் தொடர்ந்து போட்டால் கடையை மூடவேண்டும். எங்கள் அக்காவைத் தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்களே, அதுகூட எங்கோ ரேடியோவைத் திருப்பப்போகிற ஒருவரை உத்தேசித்துத்தான். ஆனால் பாடுகிறவர் காசிலேயே பிழைக்கும் வானொலி யாருக்குப் பயப்படவேண்டும்? அதற்குப் பாட்டு நன்றாக இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சொல்லப்போனால், கேட்பவரே இல்லாவிட்டாலும் அந்தக் கடை நடக்கும். பாடகன் வாடிக்கைக்காரனாகிற இடத்தில், கேட்பவர் வெறும் எண்ணாகிவிடுகிறார்.

இது கற்பனை அல்ல. 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு ஒரு மனிதர்மேல் வழக்குத் தொடுத்தது. யந்திரம் இயற்றிய பாட்டுகளை ஆயிரக்கணக்கில் இணையத்தில் ஏற்றி, அவற்றை யந்திரங்களையே விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்து, 1 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்துவிட்டார் என்று குற்றச்சாட்டு. பாடியதும் மனிதர் அல்ல. கேட்டதும் மனிதர் அல்ல. பணம் மட்டும் அசல். கணக்கில் மட்டும் வாழும் சங்கீதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் கற்பித்தாலும் வராது.

ஒரு வாரத்தில் பையனுக்கும் கணக்கு வந்தது. 3,000 தடவை ஒலித்துவிட்டதாம். எந்த நாட்டில் எத்தனை என்று அழகாகப் படம் போட்டிருந்தார்கள். பிடித்திருக்கிறது என்று இருதயக் குறி போட்டவர்கள் ஒன்பது பேர். இரண்டு பேர் கடிதம் எழுதியிருந்தார்கள். ஒன்று, 'உங்கள் பாட்டை இன்னும் 10,000 பேருக்குக் கொண்டு சேர்க்கிறேன், இவ்வளவு டாலர் ஆகும்' என்று ஆரம்பித்தது. அதை அவன் படித்து முடிக்கவில்லை. மற்றது கனடாவில் ஒரு ரொட்டிக் கடையில் இராத்திரி வேலை பார்க்கும் ஒருவருடையது. 'இது என்ன பாஷை? நடுவில் ரயில் ஊதுகிற இடம் எனக்கும் என்னோடு வேலை செய்கிறவருக்கும் பிடித்திருக்கிறது' என்று இரண்டே வரி.

என் மனைவிக்குத் தலை கால் புரியவில்லை. "என் குக்கர்!" என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பையன் அந்தக் கடிதத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான். அவன் கேட்காமல் கேட்டது எனக்குத் தெரிந்தது: 'இது ஸ்டேஷன் மாஸ்டர் இல்லையா?' ஸ்டேஷன் மாஸ்டர்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு, இந்தப் பாட்டு பணம் கட்டி வந்தது என்று தெரியாது. தம்முடைய ரேடியோ தமக்காகத் தேடி எடுத்துக் கொடுத்தது என்று நம்பிக் கேட்டார், நம்பி எழுதினார். அவருடைய இரண்டு வரியில் பொய் இல்லை. அவருக்கும் இவனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவன் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையில்தான் பொய் இருந்தது.

"இன்னொரு 3,000 போட்டால் இன்னொருவர் வரலாம், தாத்தா" என்று மெதுவாக ஆரம்பித்தான்.

நான் பதில் சொல்லுமுன் கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நாலு நாளாக ரேடியோ ரேடியோ என்கிறீர்கள். அந்தப் பாட்டை இந்த வீட்டில் யாராவது முழுசாகக் கேட்டீர்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தின் ஷரத்துகளைக் கேட்டேன். ஆலன் ஃப்ரீடின் அபராதத் தொகையைத் தெரிந்துகொண்டேன். மாடியில் பாடுகிற பையனின் பாட்டை உட்கார்ந்து கேட்கவில்லை. நடுவில் குக்கர் ஊதுவது தெரியும். முடிவில் என்ன ஆகிறது என்று தெரியாது.

அக்கா சாய்வு நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு நீ யார் என்று தெரியாது. நம்பரைச் சொல்லிவிட்டுப் பாடு" என்றாள்.

"நம்பர் ஒன்று" என்றான் பையன். குரல் நடுங்கியது. 3,000 பேருக்கு நடுங்காத குரல் ஒரு முதுகுக்கு நடுங்கியது.

பாடினான். மைக் இல்லை, மெத்தை இல்லை. தெருவில் காய்கறி வண்டி ஒலிபெருக்கியோடு போயிற்று. கடைசி ரயிலில், கடைசிப் பெட்டியில், தூங்கிப்போன ஒரு பூக்காரியை எழுப்பலாமா வேண்டாமா என்று ஒருவன் யோசித்துக்கொண்டே தன் ஸ்டேஷனைத் தவறவிடுகிறான். அதுதான் பாட்டு. முடிந்தபோது நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

அக்கா திரும்பவில்லை. சிறிது நேரம் கழித்துச் சொன்னாள்: "இரண்டாவது சரணத்தில் ஓடுகிறாய். ரயிலைப் பற்றிய பாட்டு என்றால் பாடுகிறவனும் ஓடவேண்டுமா? மேல் ஸ்தாயியில் சுருதி கொஞ்சம் விலகுகிறது. பூக்காரி வருகிற இடம் நன்றாக இருக்கிறது, அங்கே அவசரப்படவில்லை. 'பி' போடலாம். 'பி ஹை' இல்லை. ஆறு மாதம் சாதகம் பண்ணிவிட்டு மறுபடி வா."

பையன் முகத்தைப் பார்த்தேன். உலகப் படம் போட்ட கணக்கு வந்த அன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இல்லை.

அக்கா இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். "காண்டிராக்ட் பணம். சும்மா வாங்கக்கூடாது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்."

ஒரு காகிதத்தில் ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். அந்த நோட்டை இன்னும் செலவழிக்கவில்லை. மாடியில் பழைய மைக்கின் அடியில் வைத்திருக்கிறான். ரொட்டிக் கடைக்காரருக்குப் பதிலும் எழுதிவிட்டான்: பாஷை தமிழ் என்றும், அது ரயில் அல்ல குக்கர் என்றும், பாட்டு அவருடைய ரேடியோவுக்குத் தானே பணம் கட்டி வந்தது என்றும். அவரிடமிருந்து பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

என்னுடைய 10,000 ரூபாயும் இன்னும் வரவில்லை. அதையும் நான் கேட்கவில்லை.